பதினான்கு வருடம் பேசாமல் கிடந்த செல் துண்டு இப்போது ஏன் நோகிறது?

குளக்கட்டுப் பிசியோ:

என் பிழை ஒன்றை இங்கே போடுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டலாம். வன்னியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இயன்மருத்துவராக இருக்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி ஊர், வயது எல்லாம் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

நாற்பத்தெட்டு வயது அக்கா ஒருவர், கச்சானும் உழுந்தும் செய்கிற குடும்பம், வலது பக்கம் நாரி நோ என்று வந்தார். சில நாட்களில் குண்டிக்கும் தொடையின் பின்பக்கத்துக்கும் இறங்குமாம். கையில் எக்ஸ்ரே. படத்தை யன்னல் பக்கம் பிடித்தால் முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் சின்னிவிரல் நகமளவில் பளிச்சென்று ஒரு செல் துண்டு, 2009 யுத்தத்தில் எறிகணை வெடித்துப் பட்டது. அதற்குப் பிறகு எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அட்டையில் "செல் துண்டு, நாரி நோ" என்று எழுதினேன். சூட்டுப்பை, தோலில் மெல்லிய கரண்ட் விடுகிற டென்ஸ் மிஷின், படுத்திருந்து செய்கிற இரண்டு பயிற்சி. ஆறு தரம் வந்தார், போகும்போது சுகம், அடுத்த தரம் வரும்போது அதே நோ. ஆழத்துக்குச் சூடு கொடுக்கிற ஷோர்ட்வேவ் மிஷின் மட்டும் போடவில்லை, உள்ளே இரும்பு இருந்தால் அது சூடேறிச் சுற்றியுள்ள சதையைச் சுட்டுவிடும் என்ற அளவுக்காவது மூளை வேலை செய்தது.

ஏழாம் தரம் வந்த அன்று கரண்ட் இல்லை. சூட்டுப்பை காய்ச்ச வழியில்லாமல் சும்மா கதைத்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்டேன்: "அக்கா, இந்த நோ எப்ப துவங்கினது?" 2023 மார்கழி என்றார். நான் அப்படியே இருந்துவிட்டேன். 2009இலிருந்து 2023 வரைக்கும் இந்த மனிசி தண்ணி அள்ளியிருக்கிறார், வீடு கட்டக் கல் சுமந்திருக்கிறார், குந்தியிருந்து கச்சான் பிடுங்கியிருக்கிறார், அந்தத் துண்டு அப்போதும் அதே இடத்தில்தான் கிடந்தது.

மிச்சக் கதை தானாக வந்தது. மார்கழியில் மூடை ஒன்றைத் தூக்கும்போது நாரி பிடித்திருக்கிறது. அது மட்டும் என்றால் நாலைந்து கிழமையில் போயிருக்கும். ஆனால் அடுத்த கிழமையே ஓரிடத்தில் படம் எடுத்து, படத்தைக் காட்டி, "பீஸ் நரம்புக்குப் பக்கத்தில நிக்குது, குனியாதேங்கோ, பாரம் தூக்காதேங்கோ, அசைஞ்சால் கால் இழுத்துப்போடும்" என்று சொல்லியிருக்கிறார்கள். அக்கா என்னிடம் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "வெளியில எடுத்துப்போட்டினம் எண்டுதான் தம்பி நான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டு இருந்தனான்."

அன்றிலிருந்து குனிவதில்லை, குந்துவதில்லை, தண்ணி மகள்தான் அள்ளுகிறாள். நின்று குனியச் சொன்னேன், கை முழங்காலோடு நின்றுவிட்டது, மூச்சையும் பிடித்துக்கொண்டார். சரி என்று விட்டுவிட்டு எழுதிக்கொண்டிருந்தபோது அவருடைய செருப்பு ஒன்று வாங்குக்குக் கீழே போய்விட்டது, சட்டென்று குந்தி, முதுகை வளைத்து, கையை உள்ளே விட்டு எடுத்துப் போட்டார். அதே நாரிதான். அவருக்கே தெரியவில்லை, தான் என்ன செய்தேன் என்று.

பிறகுதான் நரம்பை ஒழுங்காகப் பார்த்தேன். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை நேராகத் தூக்கினால் இரண்டு பக்கமும் ஒரே அளவு, முழங்காலுக்குப் பின்னால் இழுவை மட்டும். குதிக்கால் தசைநாரில் தட்டினால் இரண்டு பாதமும் ஒரேமாதிரித் துள்ளுகிறது. நுனிக்காலிலும் குதிக்காலிலும் நடக்கிறார். விறைப்பு இல்லை. படம் சத்தம் போடும்போது ஆள் சொல்வது காதில் விழாமல் போகிறது, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

வாட்டு எட்டு:

நல்ல பதிவு, ஆனால் ஒரு கேள்வி. பக்கவாட்டுப் படம் எடுத்தீர்களா? நேராக எடுத்த ஒரே படத்தில் துண்டு முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் நிற்பது போலத் தெரியும், உண்மையில் அது தோலுக்குக் கீழே இருக்கலாம், வயிற்றுப் பக்கம்கூட இருக்கலாம். ஆழம் அந்தப் படத்தில் தெரியாது. "நரம்புக்குப் பக்கத்தில்" என்று சொன்னவர் எதை வைத்துச் சொன்னார் என்று எனக்கு விளங்கவில்லை. எம்ஆர்ஐக்கு எழுதிவிடாதீர்கள், இரும்புத் துண்டு என்றால் காந்தம் அதை இழுக்கும், கண்ணிலோ முண்ணாணுக்குப் பக்கத்திலோ இருந்தால் விளையாட்டில்லை. முதலில் சாதாரணப் பக்கவாட்டுப் படம்.

குளக்கட்டுப் பிசியோ:

எடுக்கவில்லை. என் பிழை இரண்டு என்று எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்கே டொக்டரிடம் சொல்லிப் பக்கவாட்டுப் படத்துக்கு எழுதுவிக்கிறேன்.

முறிகண்டிச் சந்தி:

நானும் இதே வேலைதான், பத்து வருடம் கூட. கோபிக்க வேண்டாம் தம்பி, கேட்க நல்லாக இருக்கிறது, ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருகிற இடத்தில் ஆளுக்குப் பத்து நிமிடம். சனம் முதல் பஸ் பிடித்து, இரண்டு இடத்தில் இறங்கி ஏறி வருவது எங்களோடு கதைக்க அல்ல. மிஷின் போடாமல் அனுப்பினால் "அங்க ஒண்டும் செய்யேல்லை, கதைச்சுப்போட்டு விட்டவை" என்று ஊருக்குள் பேச்சு.

குளக்கட்டுப் பிசியோ:

அண்ணை, ஆறு தரம் மிஷின் போட்டேனே, அதுவும் பத்துப் பத்து நிமிடம்தான். ஒரு மணித்தியாலம் போச்சு, அந்த மனிசிக்கு ஆறு நாள் கூலியும் பஸ் காசும் போச்சு. கேட்க வேண்டியது என்னவோ மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது. எப்போது துவங்கியது, அப்போது என்ன நடந்தது, யார் என்ன சொன்னார்கள், எதைச் செய்தால் கூடுகிறது, கூடினால் எவ்வளவு நேரத்தில் பழைய நிலைக்கு வருகிறது. கடைசிக் கேள்வியைத்தான் நாங்கள் விட்டுவிடுகிறோம். குனிந்தவுடன் கூடி, நிமிர்ந்தவுடன் போகிற நோவும், ஒருதரம் குனிந்தால் இரவு முழுக்க உளைகிற நோவும் ஒன்றல்ல. முதல் ஆளை நன்றாக வேலை வாங்கலாம், மற்றவரைப் பரிசோதிக்கும்போதே கை பதமாக இருக்க வேண்டும். அவுஸ்திரேலியாவின் பிசியோ மெய்ற்லண்ட் தன் முறையில் அழுத்திச் சொன்னதும் இதைத்தான், நாங்கள் அவருடைய பெயரை வைத்துக்கொண்டு எலும்பை அமத்துகிறதை மட்டும் படித்தோம்.

வாட்டு எட்டு:

முறிகண்டிச் சந்தி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆனால் எனக்குப் பயம் வேறு. இந்த இழையைப் படிக்கிற இளம் பிள்ளைகள் "படம் பொய், பயம்தான் காரணம்" என்று எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாது. அது அடுத்த கிடங்கு.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐம்பத்தைந்து வயது மனிதர், யுத்தத்தின் இறுதிக் காலத்தில் இரண்டு பிள்ளைகளை இழந்தவர். முதுகு நோ என்று பல இடம் திரிந்து, எல்லோரும் "யுத்தப் பாதிப்பு, மனசு" என்று முடிவு கட்டிவிட்டார்கள், நானும் தூக்கத்துக்கு ஒரு குளிசை எழுதிக் கொடுத்தேன். ஒரு பிசியோ மிஸ்தான் முள்ளந்தண்டை ஒவ்வொரு கணுவாக முட்டியால் மெல்லத் தட்டிப் பார்த்திருக்கிறார், நடு முதுகில் ஓரிடத்தில் ஆள் துடித்துப்போனாராம். பின்னேரக் காய்ச்சல், சாரம் இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிவு, படுத்தாலும் குறையாத நோ, இவ்வளவும் கேட்டால் சொல்லியிருப்பார், ஒருவரும் கேட்கவில்லை. முள்ளந்தண்டில் காசம். அவருடைய துயரமும் உண்மை, காசமும் உண்மை. ஒன்று இருக்கிறது என்பதற்காக மற்றது இல்லாமல் போகாது.

எங்கள் பக்கத்துக்கென்று இன்னும் இரண்டு இருக்கிறது. வயல் சேற்றில் நின்றவர் காய்ச்சலோடு கெண்டைக்கால் நோ என்று வந்தால், கண்ணும் சிவந்திருந்தால், தசைப்பிடிப்பு என்று உருவிவிட வேண்டாம், எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அன்றைக்கே அனுப்புங்கள். சலரோகம் உள்ள கமக்காரருக்குக் காய்ச்சலோடு ஒரு மூட்டோ முதுகோ நொந்தால் மெலியோயிடோசிஸ் என்ற பெயரையும் ஞாபகம் வைத்திருங்கள், மண்ணிலும் தண்ணியிலும் இருந்து வருகிற கிருமி அது.

படிக்கிற பிள்ளை:

சேர், முள்ளந்தண்டின் அடியில் மலசலத்தைக் கட்டுப்படுத்துகிற குதிரைவால் நரம்புகள் நெரிபடுவதைக் கேட்கச் சொல்லித் தருகிறார்கள், ஆனால் வயதான அம்மாமாரிடம் அதை எப்படிக் கேட்பது? நான் ஒருதரம் புத்தகத் தமிழில் "மலசலக் கட்டுப்பாடு" என்று கேட்டு, அவ சிரித்துவிட்டு ஓம் ஓம் என்றா.

குளக்கட்டுப் பிசியோ:

ஓம் என்றால் கேள்வி விளங்கவில்லை என்று அர்த்தம், எங்கள் சனம் மரியாதைக்குச் சொல்கிற ஓம் அது. நான் இப்படிக் கேட்பேன்: "அம்மா, சைக்கிள் சீற்றில இருந்தா படுற இடம் விறைச்சுப் போய்க் கிடக்கா? கழுவேக்க கை படுறது தெரியுதா? சலம் முட்டினது தெரியுதா, போனால் முழுக்கப் போகுதா?" ஆண்கள் கேட்கக் கூச்சமென்றால் மிஸ்ஸியைக் கூப்பிடுங்கள். விறைப்பு இருக்கிறது என்றாலோ, மற்றக் கேள்விகளில் ஒன்றுக்கு இல்லை என்றாலோ அன்றைக்குப் பயிற்சியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை, அம்புலன்ஸ்தான்.

படிக்கிற பிள்ளை:

நன்றி. இன்னொன்று. நோசிபிளாஸ்டிக் என்று ஒரு வகை சொல்கிறார்களே, இந்த அக்காவின் நோவை அதற்குள் போடலாமா?

குளக்கட்டுப் பிசியோ:

அவசரப்பட வேண்டாம். 2017இல் உலக நோ ஆய்வுச் சங்கம் ஏற்றுக்கொண்ட சொல் அது. திசு சேதத்துக்கோ நரம்பு நோய்க்கோ தெளிவான சான்று இல்லாமல், நோவை உணர்கிற அமைப்பே மாறிப்போன நிலையைச் சொல்வதற்கு. விளங்காத எல்லாவற்றையும் தூக்கிப் போடுகிற கடகம் அல்ல. இந்த அக்காவுக்கு நோ ஓரிடத்தில் நிற்கிறது, அசைவோடு கூடிக் குறைகிறது, தொடுகையோ குளிரோ அவரை ஒன்றும் செய்யவில்லை, உடம்பு முழுக்கப் பரவவும் இல்லை. என் கணக்கில் இது சாதாரண நாரி நோ, மேலே ஒரு பெரிய பயம் ஏறியிருக்கிறது. பிழையாக இருக்கலாம், அதனால்தான் அட்டையில் இப்போது பென்சிலால் எழுதுகிறேன்.

கச்சான் காடு:

நான் வைத்தியம் படிக்கவில்லை, ஆனால் ஒன்று கேட்கலாமா? அம்மாவுக்கு ஒவ்வொரு வருடமும் மே மாதம் வந்தால் நாரி நோ கூடும். காரணம் எங்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும். இதுக்கு பிசியோ என்ன செய்ய முடியும்?

வாட்டு எட்டு:

நினைவு நாட்களில் நோ கூடுவதை நானும் பார்க்கிறேன், தூக்கம் கெட்டால் அடுத்த நாள் நோ கூடுவது எவருக்கும் நடப்பது. ஆனால் தங்கச்சி, மே மாதம் உங்கள் வீட்டில் சிறுபோக வேலையும் துவங்குமா?

கச்சான் காடு:

துவங்கும்தான். வரம்பு கட்டுவது, விதைப்பு. அம்மா விடமாட்டா, தானும் இறங்குவா. இதை யோசிக்கவே இல்லை.

வாட்டு எட்டு:

அப்படியென்றால் இரண்டையும் பிரித்துப் பாருங்கள். நோ கூடுவது வயலுக்குள் இறங்கிய நாளிலிருந்தா, அதற்கு முந்தியா? தண்ணி இல்லாமல் சிறுபோகம் செய்யாத வருடத்திலும் கூடியதா? கவலை காரணம் இல்லை என்று நான் சொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம். ஆனால் ஆறு மாதம் குனியாத நாரியை ஒரே நாளில் மண்வெட்டியோடு இறக்கினால் அதுவும் கேள்வி கேட்கும், சித்திரை நடுவிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குங்கள்.

முறிகண்டிச் சந்தி:

இந்தக் கேள்வி நன்றாக இருக்கிறது. சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். எனக்கும் ஒரு நோயாளி இருந்தார், ஸ்கானில் டிஸ்க் பிதுங்கி இருக்கிறது என்று எழுதியதை மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்துக்கொண்டே திரிவார். நோ போன பிறகும் அந்தக் கடதாசி போகவில்லை.

குளக்கட்டுப் பிசியோ:

அண்ணை, அடுத்த தரம் அவரைக் கண்டால் இதைச் சொல்லுங்கள். நாரி நோவே இல்லாத மூவாயிரத்துக்கு மேற்பட்டவர்களின் படங்களை வைத்துச் செய்த ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தார்கள், இருபது வயதுக்காரரில் 37 வீதம் பேருக்கும் எண்பது வயதில் 96 வீதம் பேருக்கும் டிஸ்க் தேய்வு இருந்தது. பிதுக்கம் இருபது வயதிலேயே 30 வீதம். ஒரு நோவும் இல்லாத ஆட்கள். நரை மாதிரித்தான், தலையிடிக்கு நரைதான் காரணம் என்று ஒருவரும் சொல்வதில்லையே.

ஒற்றைக்கால் ஓட்டம்:

நான் பிசியோவும் இல்லை, டொக்டரும் இல்லை, நோயாளி. இடது கால் முழங்காலுக்குக் கீழே மிதிவெடியில் போனது. பெரிய படிப்புக் கதைகளுக்கு நடுவில் என்னுடையதையும் கேளுங்கள்.

எனக்குக் கால் நோ என்று போனால் எல்லோரும் ஒரே நோ என்றுதான் எடுத்தார்கள். ஓரிடத்தில் "இல்லாத கால் எப்படி நோகும், அது மனசு" என்றார்கள். பிறகு ஒரு பிசியோ கேட்டா, "எந்த நோ அண்ணை, எப்ப வருது, பொய்க்கால் போட்டிருக்கேக்கயா கழட்டினாப் பிறகா?" அப்போதுதான் எனக்கே பிடிபட்டது, என்னிடம் மூன்று நோ இருக்கிறது. ஒன்று பொய்க்காலின் விளிம்பு உரசுகிற இடம், நடந்தால் சிவக்கும், கழட்டினால் போகும். இரண்டாவது, மொட்டைக்காலின் நுனியில் ஒரு புள்ளி, அவ விரலால் தட்டினா, கரண்ட் அடித்த மாதிரி இருந்தது, வெட்டுப்பட்ட நரம்பு நுனியில் முடிச்சு விழுந்திருக்காம். மூன்றாவதுதான் பொல்லாதது, படுத்தால் இல்லாத பெருவிரலை யாரோ பிடித்து முறுக்குவது.

முதல் இரண்டுக்கும் மருந்து குளிசை ஒன்றும் இல்லை. கால் செய்கிற இடத்துக்குக் கடிதம் கொடுத்து விளிம்பைச் சீவி, அந்தப் புள்ளி படுகிற இடத்தில் குழி விட்டுத் தந்தார்கள். மூன்றாவது இன்னும் இருக்கிறது. கண்ணாடி வைத்துச் செய்கிற ஒன்று இருக்கிறதாமே, அது உண்மையா, இல்லை சாத்திரமா?

குளக்கட்டுப் பிசியோ:

அண்ணை, அந்தப் பிசியோவைக் கண்டால் கும்பிட்டேன் என்று சொல்லுங்கள். மூன்று நோவையும் மூன்று மணிக்கூட்டில் பார்த்திருக்கிறா.

கண்ணாடி சாத்திரம் இல்லை. தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் அமெரிக்காவில் 1990களில் துவக்கியது. மூளையில் அந்தக் காலுக்கான இடம் கால் போன பிறகும் இருக்கிறது, அதற்குக் கண் வழியாக ஒரு காலைக் காட்டிப் பார்க்கிறோம். சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, சிலருக்கு ஒன்றும் இல்லை, சிலருக்குத் தலை சுற்றும், அழுகை வரும், ஆய்வுகளும் ஒரே முடிவு சொல்லவில்லை. ஆனால் செலவில்லை. கதிரையில் இருந்து கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவில் நெடுக்காக நிறுத்துங்கள், முகம் பார்க்கிற பக்கம் வலது காலைப் பார்க்க வேண்டும், மொட்டைக்கால் பின்னால் மறைந்திருக்க வேண்டும். வலது பெருவிரலை மெல்ல மடக்கி நீட்டுங்கள், கண்ணாடிக்குள் தெரிகிற காலைப் பாருங்கள், இல்லாத விரலையும் கூடவே அவிழ்ப்பதாக நினையுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம், ஒவ்வொரு நாளும். நோ கூடினால் நிறுத்திவிட்டு எழுதுங்கள். இரவில் எரிவும் கரண்டும் கூடவென்றால் கிளினிக்கில் டொக்டரிடமும் சொல்லுங்கள், நரம்பு நோவுக்கென்று தனிக் குளிசைகள் இருக்கின்றன, பனடோல் அதுக்குக் காணாது.

குளக்கட்டுப் பிசியோ:

ஆறு கிழமைக்குப் பிறகு வருகிறேன். அக்காவின் பக்கவாட்டுப் படம் வந்தது. துண்டு பின்பக்கச் சதைக்குள், எலும்பிலிருந்து நன்றாக விலகி நிற்கிறது. டொக்டரும் பார்த்தார். படத்தை அக்காவின் கையில் கொடுத்து, என் முதுகில் விரல் வைத்து இந்த இடம்தான் என்று காட்டினேன். "அசையாதோ?" என்றார். சத்தியம் செய்து தர முடியாது என்றேன், ஆனால் முள்ளுக் குத்தி உள்ளே நின்றுவிட்டால் சதை சுற்றிக் கட்டிக்கொள்வது போல இதையும் கட்டியிருக்கும், பதினான்கு வருடம் நீங்கள் கல் சுமந்தும் அது எங்கேயும் போகவில்லையே என்றேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப செருப்பு எடுக்கேக்கயும் அசையேல்லை" என்றார். அந்தச் செருப்புக் கதையை நான் முன்பே சொல்லிச் சிரித்திருந்தேன்.

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் கதிரையில் இருந்து குனிந்து கணுக்காலைத் தொடுவது, பிறகு குந்துவது, பிறகு கால் வாளி தண்ணி, அரை வாளி, முக்கால் வாளி. இரண்டு கிழமைக்கு ஒருதரம்தான் வரச் சொன்னேன். பத்துக்கு எவ்வளவு நோ என்று கேட்பதை விட்டுவிட்டேன், முதல் நாள் "பத்துக்குப் பன்னிரண்டு" என்றவர் அவர். எத்தனை நிமிடம் குந்தியிருந்து புல்லுப் பிடுங்கினீர்கள் என்று கேட்டால் சரியான பதில் வருகிறது. இரண்டு நிமிடத்தில் துவங்கி இப்போது இருபத்தைந்து. மூன்றாம் கிழமை ஒருதரம் நன்றாகக் கூடிவிட்டது, ஒரே நாளில் மூன்று வரிசை பிடுங்கியிருக்கிறார், இரண்டு நாள் படுக்கை. ஆனால் படம் எடுக்க ஓடவில்லை, தானே குறைத்துக்கொண்டு திரும்பத் துவங்கினார். நோ இன்னும் இருக்கிறது. துண்டை எடுத்துவிடலாமா என்று இன்னும் கேட்கிறார், அதைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்கத் திகதி எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அது நான் முடிவு செய்கிற விஷயம் இல்லை.

வாட்டு எட்டு:

எடுக்கிறது அநேகமாக வேண்டியிராது, ஆனால் கேட்பது அவருடைய உரிமை. மூட்டுக்குள்ளோ முள்ளந்தண்டுக் குழாய்க்குள்ளோ நின்றிருந்தால் வேறு கதை, ஈயம் கலந்த துண்டென்றால் அங்கேயிருந்து இரத்தத்தில் ஊறும். உங்கள் அக்காவுடையது சதைக்குள்.

முறிகண்டிச் சந்தி:

கடதாசி மடித்து வைத்திருந்தவரை நேற்று சந்தையில் கண்டேன். நரைக் கதையைச் சொன்னேன். "அப்ப ஏன் சேர் ஸ்கானுக்கு அவ்வளவு காசு எடுத்தவை?" என்று கேட்டார். பதில் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

ஒற்றைக்கால் ஓட்டம்:

மனிசியின் அலுமாரிக் கண்ணாடியைக் கழட்டித்தான் செய்கிறேன், வீட்டில் ஒரே சண்டை. முதல் மூன்று நாள் ஒன்றும் இல்லை, தலை சுற்றியது. நாலாம் நாள் கண்ணாடிக்குள் விரல் நீண்டபோது அங்கேயும் ஏதோ தளர்ந்த மாதிரி இருந்தது, இருபது நிமிடம் அப்படியே இருந்தது, படுக்கப் போக திரும்ப முறுக்கத் துவங்கிவிட்டது. விடாமல் செய்து பார்க்கிறேன். நேற்றுச் சின்னவள் வந்து பக்கத்தில் குந்தி, கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறாள்: "அப்பா, அந்தக் காலிலயும் நகம் வெட்டேல்லை."